மலையில் பார்த்த பூச்செடி புதிய சிற்றினமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இடத்தில் வேலை செய்பவர்களுக்குக் கைபேசியில் வரும் பூப்படங்களுக்குப் பஞ்சமே இல்லை. மலையேறிவிட்டு வந்தவர் ஒரு படத்தை அனுப்பி, "இது புதுசா?" என்று ஒரே வரியில் கேட்டிருப்பார். பதிலை ஒரே வரியில் சொல்ல முடிவதில்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

மலையில் ஒரு பூவைப் பார்த்தேன். யாருக்கும் பெயர் தெரியவில்லை. புதிய சிற்றினம்தானே?

பெரும்பாலும் இல்லை. உங்களுக்குத் தெரியவில்லை, கூட வந்தவருக்குத் தெரியவில்லை, படம் பார்த்து அடையாளம் சொல்லும் செயலிக்கும் தெரியவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அந்தச் செடிக்கு 1830களில் யாரோ லத்தீனில் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். பெயர் தெரியாத செடி வேறு, பெயரில்லாத செடி வேறு. செயலிக்குத் தெரிந்ததெல்லாம் நிறையப் படம் கிடைத்த செடிகள்தான். ஆளே போகாத சரிவில் இருப்பதைக் காட்டினால், அது தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடும்.

ஆகவே முதல் வேலை, இது ஏற்கெனவே பெயர் வைக்கப்பட்டது இல்லை என்று காட்டுவது. பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுள்ள சிற்றினங்கள் சேர்ந்த தொகுதியைக் கண்டுபிடியுங்கள். அந்தப் பேரினத்தை முழுமையாக ஆராய்ந்த கடைசி நூல் எது, அந்த மலைப்பகுதியின் தாவரங்களைத் தொகுத்த நூல் எது என்று பார்த்து, அவற்றில் உள்ள திறவுகோலில், அதாவது பண்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியலில், உங்கள் செடியை ஓட்டிப் பாருங்கள். பக்கத்து நாடுகளின் நூல்களையும் விடக்கூடாது. மலைத்தொடருக்கு எல்லைக்கோடு தெரியாது. இதுவரை வெளியான பெயர்களுக்கு பன்னாட்டுத் தாவரப் பெயர் அட்டவணை (IPNI) என்ற இணையப் பட்டியல் இருக்கிறது. லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரவியல் பூங்கா, ஹார்வர்டு ஹெர்பேரியங்கள், ஆஸ்திரேலிய தேசிய ஹெர்பேரியம் மூன்றும் சேர்ந்து தொடங்கியது. பழைய கட்டுரைகள் பல்லுயிர் மரபு நூலகம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இன்று வழக்கில் உள்ள பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். கைவிடப்பட்ட பெயர்களையும் பார்க்க வேண்டும். 150 வருஷத்துக்கு முன்னால் ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் "இது அதேதான்" என்று வேறொன்றோடு சேர்த்து மூடியிருப்பார். உங்கள் செடி அந்தப் பழைய பெயருக்குச் சொந்தமானதாக இருந்தால், அந்தப் பெயரைத் திரும்ப எழுப்ப வேண்டுமே தவிர புதிதாக வைக்க முடியாது. நான் இரண்டு மாதமாகப் புதிது என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு சின்ன நீலப்பூச் செடி, ஒரு பழைய பிரெஞ்சுக் கட்டுரையின் அடிக்குறிப்பில் பெயரோடு உட்கார்ந்திருந்தது.

அப்படியானால் புதியவை இனிக் கிடைக்காதா?

கிடைக்கின்றன. உலகில் இதுவரை பெயர் பெற்ற நாளத் தாவரங்கள் (நீரையும் உணவையும் கடத்தும் குழாய்கள் உள்ளவை) ஏறத்தாழ 3,50,000. ஒவ்வோர் ஆண்டும் 2,000-க்குக் குறையாமல் புதியவை சேர்கின்றன. மலைகளின் பங்கு அதில் பெரிது. ஒரு சிகரத்துக்கும் அடுத்த சிகரத்துக்கும் நடுவில் உள்ள சூடான பள்ளத்தாக்கு, குளிரில் வளரும் செடிக்குக் கடல் மாதிரி. தீவில் மாட்டிக்கொண்டது போல ஒவ்வொரு சிகரத்துக் கூட்டமும் தனித்தனியாக மாறிக்கொண்டு போகும். ஆண்டீஸ் மலையில் லூப்பினஸ் என்ற பட்டாணிக் குடும்பச் செடி, 20 லட்சம் ஆண்டுகளுக்குள் சுமார் 80 சிற்றினங்களாகப் பிரிந்திருக்கிறது. செடிகளின் கணக்கில் இது அசுர வேகம்.

இன்னொரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். புதிய சிற்றினங்கள் காட்டில் மட்டும் இல்லை, அலமாரியிலும் இருக்கின்றன. 2010-இல் வந்த ஓர் ஆய்வின்படி, புதிய சிற்றினங்களில் சேகரித்த ஐந்து ஆண்டுகளுக்குள் விவரிக்கப்பட்டவை, அதாவது பண்புகளை எழுதிப் பெயரோடு வெளியிடப்பட்டவை, 16 சதவீதம்தான். ஏறத்தாழ கால்வாசிப் புதிய சிற்றினங்களின் விவரணையில் 50 ஆண்டுக்கும் பழைய மாதிரிகள் இருந்தன. யாரோ பறித்து, உலர்த்தி, தப்பான பெயரெழுதி அலமாரியில் வைத்தது, உரிய ஆள் பார்க்கும்வரை காத்துக் கிடந்திருக்கிறது.

இலை வேறு மாதிரி இருக்கிறது, உயரமும் பாதிதான். அது போதாதா?

போதாது, அதுவும் மலைச் செடிக்கு. ஒரே விதை கீழே முளைத்தால் இடுப்புயரம் வளரும். மேலே காற்றும் குளிரும் படும் இடத்தில் முளைத்தால் சாண் உயரத்தில் நின்றுவிடும். இலை தடிக்கும், முடி கூடும், பூவின் நிறம் அழுத்தமாகும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் கிளாசன், கெக், ஹீசி என்ற மூவர் ஒரே செடியைப் பதியன்களாகப் பிரித்து, கடல்மட்டத்துக்கு அருகில் ஸ்டான்ஃபோர்டில் ஒன்று, சுமார் 1,400 மீட்டரில் ஒன்று, 3,050 மீட்டரில் ஒன்று என்று நட்டார்கள். 1940-இலும் 1948-இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். உடன்பிறந்த பதியன்களே அடையாளம் தெரியாத அளவுக்கு வேறுபட்டன. சேர்த்துச் சொல்ல வேண்டியது, எல்லா வேறுபாடும் இடத்தால் வந்தது இல்லை. உயரத்துக்கு ஏற்ற மரபு வேறுபாடுகளும் இருந்தன. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் சிரமம்.

அப்புறம் கலப்பினம். இரண்டு சிற்றினங்கள் அக்கம்பக்கத்தில் பூத்தால், இரண்டுக்கும் நடுவான தோற்றத்தோடு ஒன்று முளைக்கலாம். உங்கள் "புதிய" செடியின் ஒவ்வொரு அளவும் பக்கத்தில் உள்ள இரண்டு செடிகளின் அளவுகளுக்கு நட்டநடுவில் விழுந்தால், சந்தேகப்படுங்கள். மகரந்தம் பெருமளவு சுருங்கிப்போயிருந்தால் சந்தேகத்தை இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சரி, எத்தனை வித்தியாசம் இருந்தால் புதியது?

எண்ணிக்கை கிடையாது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று பண்புகள் சேர்ந்தே வேறுபட வேண்டும், அதுவும் பல செடிகளில் மாறாமல் இருக்க வேண்டும், இடைப்பட்டவை இருக்கக் கூடாது. என் அளவுகோல் இது. இலை நீளமும் இலை அகலமும் இரண்டு பண்புகள் இல்லை. ஒன்று கூடினால் மற்றதும் கூடும். மகரந்தத்தாளில் முடி இருப்பதும் விதையின் மேற்பரப்பு வலைப்பின்னலாக இருப்பதும் தனித்தனி.

இதில் நிபுணர்களே ஒத்துப்போகாததற்கு இமயத்து நீலக் கசகசா நல்ல உதாரணம். பெய்லி என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1913-இல் திபெத்தில் எடுத்த மாதிரியை வைத்து, 1915-இல் மெகனாப்சிஸ் பெய்லியை என்று பெயரிட்டார்கள். 1934-இல் ஜார்ஜ் டெய்லர் என்ற தாவரவியலாளர், இது சீனாவின் யுன்னானிலிருந்து முன்பே விவரிக்கப்பட்ட மெகனாப்சிஸ் பெட்டானிசிஃபோலியாவேதான் என்று இரண்டையும் சேர்த்துவிட்டார். 2009-இல் கிரே-வில்சன் என்ற தாவரவியலாளர் மறுபடி பிரித்தார். செடி அதன்பாட்டுக்கு அங்கேயே நீலமாகப் பூத்துக்கொண்டிருந்தது. சிற்றினம் என்பது ஒரு வாதம். ஆதாரத்தோடு வைக்கலாம், ஆதாரத்தோடு மறுக்கலாம்.

டிஎன்ஏ பரிசோதனை செய்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடுமே?

உதவும், தீர்க்காது. தாவரங்களுக்கு 2009-இல் பொது அடையாளக் குறியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட இரண்டு பசுங்கணிக மரபணுத் துண்டுகள் உண்டு. பேரினம் வரை நன்றாகவே கொண்டுவிடும். சமீபத்தில் பிரிந்த மலைச் செடிகளில் பக்கத்துப் பக்கத்துச் சிற்றினங்களுக்கு இரண்டும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருப்பது சாதாரணம். அதனால் கூடுதல் மரபணுக்களையும் பார்ப்பார்கள். ஒப்பிடவேண்டிய உறவுச் செடிகளின் வரிசை தரவுத்தளத்தில் இல்லையென்றால், அல்லது தப்பான பெயரில் இருந்தால், மொத்தமும் வீண். தாவரங்களுக்குப் பெயரிடும் பன்னாட்டு விதிப்படி டிஎன்ஏ கட்டாயமும் இல்லை.

படம் மட்டும் போதுமா? செடியைப் பறிக்க மனமில்லை.

படத்தில் தொடங்கலாம். பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் ஒரு மலையுச்சியில் எடுத்த பூச்சியுண்ணும் செடியின் படத்தை ஒருவர் ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார். அதைப் பார்த்த நிபுணர்கள் திடுக்கிட்டுப் போனார்கள். தண்டு ஒன்றரை மீட்டர் வரை வளரும் அந்தச் செடி 2015-இல் ட்ரோசெரா மாக்னிஃபிகா என்று பெயர் பெற்றது. ஆனால் அவர்களும் மலையேறி மாதிரி எடுத்துத்தான் வெளியிட்டார்கள். பூக்கும் தாவரத்தின் புதிய பெயருக்கு ஆதாரமாகப் பாதுகாக்கப்பட்ட ஒரு மாதிரி இருந்தே ஆக வேண்டும். படத்தையோ ஓவியத்தையோ அந்த இடத்தில் வைக்க இப்போதைய விதி இடம் தருவதில்லை.

மனம் வராததில் தப்பில்லை. 20 செடிக்கு ஒன்றுக்கு மேல் எடுக்காதே என்று ஒரு கைக்கணக்கு உண்டு. மொத்தமே ஐந்தாறு செடிதான் என்றால் வேரோடு பிடுங்காதீர்கள். பூவோடு ஒரு கிளை, இரண்டு இலை போதும். வேரையும் கிழங்கையும் மண்ணை விலக்கிப் படமெடுத்து, அளந்து, திரும்ப மூடிவிடலாம்.

யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

ஆம், பறிப்பதற்கு முன். நிலத்துக்கு யார் பொறுப்போ அவர்களிடம், அது காப்பகம் என்றால் அதற்கான துறையிடம். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவது தனி விவகாரம். 1992-இல் உருவான பல்லுயிர் உடன்படிக்கையும், அதன் கீழ் 2014-இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையும், ஒரு நாட்டின் உயிர்வளத்தின் மேல் அந்த நாட்டுக்கு உரிமை உண்டு என்கின்றன. ஆர்க்கிட் போன்ற குடும்பங்களுக்கு வணிகக் கட்டுப்பாடும் சேரும். அனுமதி எண்ணைக் கட்டுரையில் எழுதுங்கள். அது இல்லாமல் வாங்க மறுக்கும் இதழ்கள் உண்டு.

மாதிரியை எப்படி எடுப்பது?

பறிப்பதற்கு முன் படம்: முழுச் செடி, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், பூவின் முகம், பக்கவாட்டு, வெட்டித் திறந்த பூ. அளவுகோலை ஓரத்தில் வைத்து எடுங்கள். பூவின் நிறம் உலர்ந்தால் ஓடிவிடும், ஊதா பழுப்பாகும். நிறத்தைச் சொல்வதில் சண்டை வராமலிருக்க, ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் வண்ண அட்டையோடு ஒப்பிட்டு எண்ணைக் குறித்துக்கொள்பவர்களும் உண்டு.

பிறகு செய்தித்தாள் மடிப்புக்குள் செடியை விரித்து, ஓர் இலையையாவது அடிப்பக்கம் தெரியத் திருப்பி வைத்து, அட்டைகளுக்கு நடுவில் அழுத்திக் கட்ட வேண்டும். மலையில் ஈரம் விடாது. தாளைத் தினமும் மாற்றாவிட்டால் மூன்றாம் நாள் பூஞ்சை வந்துவிடும். தடித்த கிழங்கை நெடுக்காகப் பிளந்துவிடுங்கள். இரண்டு மூன்று பூக்களை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு வையுங்கள், வடிவம் குலையாது. டிஎன்ஏவுக்கு, இளம் இலைத் துண்டுகளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட்டு மூடுங்கள். ஆல்கஹாலில் போட்ட பூவிலிருந்து பிறகு டிஎன்ஏ எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

மாதிரியோடு வைக்கும் சீட்டில் என்ன எழுத வேண்டும்?

செடியைப் பார்த்துச் சொல்ல முடியாத எல்லாவற்றையும். சேகரித்தவர் பெயர், அவருடைய வரிசை எண், தேதி, இடம், அட்சரேகை தீர்க்கரேகை, உயரம். பிறகு: "வடக்கு நோக்கிய ஈரப் பாறை, நீர் கசியும் வெடிப்பு, பாசி மெத்தை மேல். சுமார் 40 செடிகள். உயரம் 20 செ.மீ. பூ வெளிர்நீலம், தொண்டையில் மஞ்சள் புள்ளி; மாலையில் மணம். தண்டை ஒடித்தால் பால் இல்லை." இப்படி ஒரு சீட்டு இருந்தால் நூறு வருஷம் கழித்தும் ஒருவர் அந்தப் பாறையைத் தேடிப் போக முடியும்.

பேனா மையை நம்பாதீர்கள், பென்சிலால் எழுதுங்கள். ஆல்கஹால் குப்பிக்குள்ளும் பென்சில் சீட்டு ஒன்று போகட்டும். "அறைக்குப் போய் எழுதிக்கொள்ளலாம்" என்று நினைத்து எழுதாமல் விட்ட மாதிரிகளின் கதை எல்லாரிடமும் இருக்கிறது, என்னிடமும்தான்.

பூ கிடைத்தது, காய் கிடைக்கவில்லை. இருப்பதை வைத்து எழுதலாமா?

விதி தடுக்காது. ஆனால் பல பேரினங்களில் சிற்றினத்தைப் பிரிப்பதே காயும் விதையும்தான். முடிந்தால் அதே இடத்துக்கு இரண்டு மாதம் கழித்துப் போங்கள். குறிஞ்சி இனங்களில் இந்தத் தொல்லை உச்சத்தில் இருக்கும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, காய்த்து, மடிந்துவிடும். அப்படிப்பட்ட ஒரு பேரினத்தில் பூக்காத ஆண்டில் போனால் கையில் கிடைப்பது இலை மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு பெயர் வைக்கத் துணிகிறவருக்கு நான் பொறுப்பில்லை.

காய்ந்துபோன பூவை எப்படி ஆராய்வது? தொட்டால் உதிர்கிறதே.

தாளிலிருந்து ஒரே ஒரு பூவை எடுங்கள். நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பூவை அதில் போடுங்கள். கருகிய தாள்துண்டு போலக் கிடந்தது, சில நிமிடத்தில் மெல்ல விரியும். அல்லிவட்டக் குழல் உப்பும், மடிந்த இதழ்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது சலித்ததில்லை. பிறகு அதைக் கண்ணாடித் தட்டுக்கு மாற்றி, உருப்பெருக்கிக்கு அடியில் இரண்டு ஊசியால் குழலை ஒரு பக்கமாகக் கிழித்து விரிக்க வேண்டும். மகரந்தத்தாள் எத்தனை, குழலில் எந்த உயரத்தில் ஒட்டியிருக்கிறது, அடியில் முடி உண்டா, சூலகமுடி எத்தனைப் பிளவு, தேன்சுரப்பி வளையமா துண்டுகளா, சூலகத்தைக் குறுக்கே வெட்டினால் எத்தனை அறை. எண்ணி அளந்து வரைந்ததும், பூவை எறிந்துவிடாமல் ஒரு சிறிய காகித உறையில் போட்டு அதே தாளில் ஒட்டுங்கள். அடுத்து வருபவர் இன்னொரு பூவைப் பிய்க்க வேண்டியதில்லை.

ஹோலோடைப் என்றால் என்ன?

ஒரு பெயர் நிரந்தரமாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கும் ஒற்றை மாதிரிச் செடி. உங்கள் விவரணையில் தப்பு இருக்கலாம், படம் சரியில்லாமல் போகலாம்; பிற்காலத்தில் குழப்பம் வந்தால் எல்லாரும் போய் நிற்பது அந்தத் தாளின் முன்னால்தான். செடிக்கூட்டத்தில் அதுவே அழகானது, சராசரியானது என்று அர்த்தம் இல்லை. பெயருக்கு ஓர் ஆணி, அவ்வளவே. ஹோலோடைப்பைக் குறிப்பிடாமல், அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்று சொல்லாமல் வெளியிட்டால் பெயரே செல்லாது. முதலாவது 1958 முதலும், இரண்டாவது 1990 முதலும் விதி.

அதே சேகரிப்பின் இரட்டைகளுக்கு ஐசோடைப் என்று பெயர். இவற்றை வேறு வேறு ஹெர்பேரியங்களுக்கு அனுப்பிவையுங்கள். 1943 மார்ச்சில் குண்டுவீச்சில் பெர்லின் ஹெர்பேரியத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது; எத்தனையோ ஹோலோடைப்கள் சாம்பலாயின. வேறு ஊரில் ஐசோடைப் இருந்த பெயர்கள் பிழைத்தன.

விவரணையை எப்படி எழுதுவது?

இரண்டு பகுதிகள். ஒன்று வேறுபாட்டுக் குறிப்பு: இது எதைப் போன்றது, அதிலிருந்து எப்படி வேறுபடுகிறது. மற்றது முழு விவரணை: வளரியல்பு, தண்டு, இலை, மஞ்சரி, பூவடிச்செதில், புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம், கனி, விதை என்று வரிசையாக, கீழிருந்து மேலே, வெளியிலிருந்து உள்ளே. விதிக்கு இரண்டில் ஒன்று போதும். நல்ல கட்டுரையில் இரண்டும் இருக்கும்.

வேறுபாட்டுக் குறிப்பில்தான் எழுதியவரின் தரம் தெரியும். "இலை சற்றுப் பெரியது, பூ கண்ணைக் கவரும் நீலம்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. எதைவிடப் பெரியது? கற்பனையாக ஒன்று எழுதிக் காட்டுகிறேன்: "அ-வை ஒத்தது, ஆனால் இலைக்குக் காம்பு இல்லை (அ-வில் 8–15 மி.மீ. காம்பு), புல்லிகளில் சுரப்பித் தூவிகள் உண்டு (அ-வில் முடியே இல்லை), மகரந்தத்தாள்கள் குழலுக்கு வெளியே 3–4 மி.மீ. நீண்டிருக்கும் (அ-வில் உள்ளடங்கியவை)." ஒவ்வொரு பண்புக்கும் எதிர்ப்பக்கத்து அளவும் பக்கத்திலேயே இருக்கிறது, பாருங்கள். "அ"-வின் அளவுகளை நூலிலிருந்து எடுக்காமல், முடிந்தவரை அதன் மாதிரிகளை நீங்களே அளந்து எழுதுங்கள். பழைய நூல்களில் ஒரே ஒரு தாளைப் பார்த்து எழுதிய அளவுகள் ஏராளம்.

அளவுகளை வீச்சாகக் கொடுங்கள், மில்லிமீட்டரில். ஒரு செடியில் பத்து இலை அளப்பதைவிடப் பத்துச் செடியில் ஓர் இலை அளப்பது மேல்.

லத்தீனில் எழுத வேண்டுமாமே?

1935 ஜனவரி 1 முதல் 2011 முடியும்வரை அப்படித்தான். 2012 முதல் லத்தீன் அல்லது ஆங்கிலம், இரண்டில் ஒன்று. தமிழில் மட்டும் எழுதினால் பெயர் செல்லாது. வேடிக்கை என்னவென்றால், 1935-க்கு முன்னால் மொழிக் கட்டுப்பாடே கிடையாது. அப்போது ஒருவர் தமிழில் விவரித்து அச்சிட்டிருந்தால் அது செல்லுபடியாகியிருக்கும்! இப்போதும் ஆங்கில விவரணையோடு தமிழ்ச் சுருக்கத்தையும் சேர்த்துப் போடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. செடி இருக்கும் மலையில் வாழ்பவர்கள் படிக்கிற மொழியில் ஒரு பக்கமாவது இருப்பது நியாயம்.

பெயர் வைப்பதற்கு என்ன விதி?

பேரினப் பெயர், அதற்குப் பின் சிற்றினப் பெயர் என்று இரண்டு சொல். 1753 மே 1-இல் வெளியானதாகக் கொள்ளப்படும், ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸின் நூல்தான் தாவரப் பெயர்களுக்குத் தொடக்கப் புள்ளி. அதற்கு முந்தைய பெயர்கள் கணக்கில் இல்லை. விதித்தொகுப்பைப் பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் திருத்துகிறார்கள். 2017-இல் ஷென்சென், 2024-இல் மாட்ரிட்.

இரண்டாம் சொல் எதிலிருந்தும் வரலாம்: ஒரு பண்பு, ஓர் ஊர், ஒரு மனிதர், உள்ளூர்ப் பெயர். லத்தீன் இலக்கணத்துக்கு உட்பட்டால் சரி. உரிச்சொல்லாக இருந்தால் பேரினத்தின் பாலுக்கேற்ப விகுதி மாறும். நீலக்குறிஞ்சியை நீஸ் என்பவர் முதலில் ஃபிளெபோஃபில்லம் குந்தியானம் என்றார். அது ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்துக்கு மாறியபோது குந்தியானா ஆனது. பேரினப் பெயரையே இரண்டாம் சொல்லாகத் திருப்பிச் சொல்லக் கூடாது. விலங்குகளில் "கொரில்லா கொரில்லா" நடக்கும், செடியில் நடக்காது.

மாட்ரிட் மாநாட்டில் ஒரு நல்ல காரியம் நடந்தது. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லிலிருந்து வந்த "காஃப்ரா" வகைப் பெயர்களை "ஆஃப்ரா" என்று மாற்ற வாக்களித்தார்கள். 2026 முதல் வெளியாகும் பெயர்களில், ஒரு மக்கள் கூட்டத்தை இழிவுபடுத்துவதாக இருப்பதை நிராகரிக்கவும் வழி செய்திருக்கிறார்கள்.

என் விருப்பத்தைக் கேட்டால், செடியைப் பற்றி ஏதாவது சொல்லும் பெயர் நல்லது. ஆனால் "மலையில் வளர்வது" என்று பொருள்படும் "மொன்டானா"வை ஒரு மலைச் செடிக்கு வைப்பதில் என்ன இருக்கிறது?

என் பெயரையே வைத்துக்கொள்ளலாமா?

விதி தடுக்கவில்லை. மற்றவர்கள் சிரிப்பார்கள்.

சில பெயர்களுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒருவர், வெளியே ஒருவர் வருகிறார்களே?

உள்ளே இருப்பவர் முதலில் விவரித்தவர். வெளியே இருப்பவர் அதை இப்போதைய பேரினத்துக்கு மாற்றியவர். மேலே சொன்ன குறிஞ்சியில் நீஸ் அடைப்புக்குள், தாமஸ் ஆண்டர்சன் வெளியே.

எங்கே வெளியிட்டால் செல்லும்?

அச்சிட்ட இதழில் அல்லது நூலில். 2012 முதல், இதழ்களுக்கான பன்னாட்டுத் தர எண் (ISSN) உள்ள இணைய இதழில் பிடிஎஃப் வடிவிலும். சமூக ஊடகப் பதிவு, செய்தித்தாள் பேட்டி, கருத்தரங்க உரை எதுவும் செல்லாது. வெளியாவதற்கு முன்பே புதுப் பெயரைப் பேட்டியில் சொல்லிவிடும் ஆர்வக்கோளாறு வேண்டாம். அந்தப் பெயர் அந்தரத்தில் தொங்கும், வேறொருவர் உங்களை முந்தவும் கூடும்.

ஒரே செடிக்கு இரண்டு பேர் பெயர் வைத்துவிட்டால்?

முதலில் முறையாக வெளியானதுதான் நிற்கும். நாள் கணக்கில் கூடத் தீர்ந்திருக்கிறது. 2002-இல் வடக்குப் பெருவின் ஆண்டீஸ் சரிவிலிருந்து ஓர் ஆர்க்கிட் வெளியே வந்தது. கையகலத்துக்கு ஊதா இளஞ்சிவப்புப் பூ. அதைக் கோவாச் என்ற அமெரிக்கர் வழியோரத்தில் விலைக்கு வாங்கி, அனுமதிச்சீட்டு இல்லாமல் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே அவசர அவசரமாக அவர் பெயரிலேயே ஃபிராக்மிபீடியம் கோவாச்சியை என்று விவரித்து வெளியிட்டார்கள். இன்னொரு நிபுணர் அதே செடிக்குப் பெரு நாட்டின் பெயரை வைத்து எழுதிய கட்டுரை சில நாள் தாமதமாக வந்தது. தோற்றது. பின்னால் கடத்தல் வழக்கில் அந்த மனிதர் தண்டிக்கப்பட்டார், பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. செடி எப்படிக் கிடைத்தது என்று பெயரிடும் விதி கேட்பதில்லை. இது எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம்.

செடி இருக்கும் இடத்தைத் துல்லியமாக வெளியிடலாமா?

ஆர்க்கிட், கிழங்குச் செடி, சதைப்பற்றுள்ள செடி என்றால் வேண்டாம். விவரணை வந்த சில மாதத்தில் திருடர்கள் வந்துவிடுவார்கள். மேலே சொன்ன ஆர்க்கிட்டுக்கும் அதுதான் நடந்தது. மாவட்டமும் உயரமும் போதும். துல்லியமான புள்ளியை ஹெர்பேரியத்திலும் பாதுகாப்புப் பொறுப்பில் உள்ளவர்களிடமும் கொடுத்துவையுங்கள். யாரும் விலைக்குத் தேடாத சின்னப் புல்செடி என்றால் தயங்க வேண்டாம்.

அழியும் நிலையில் உள்ளது என்று கட்டுரையில் எழுதலாமா?

ஒரே பாறையில்தான் பார்த்தேன் என்பதால் "மிக ஆபத்தான நிலை" என்று எழுதிவிட ஆசை வரும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அளவுகோலில், பரவல் வட்டம் 100 சதுர கி.மீ.-க்குக் கீழ், அல்லது உண்மையில் வாழும் பரப்பு 10 சதுர கி.மீ.-க்குக் கீழ் என்பது ஒரு பகுதிதான். வாழிடம் சுருங்கிக்கொண்டே வருகிறது என்பது போன்ற நிபந்தனைகளும் பொருந்த வேண்டும். பக்கத்துச் சிகரங்களில் தேடினீர்களா? தேடியும் இல்லை என்றால் அதுவே பெரிய தகவல், எழுதுங்கள். தேடவே இல்லை என்றால் "தரவு போதாது" என்ற வகை இருக்கிறது, அதில் வையுங்கள்.

நான் படித்த தாவரவியலாளர் இல்லை. என்னால் என்ன முடியும்?

பெயர் வெளியிட யாருக்கும் பட்டம் தேவையில்லை. விதியில் அப்படி ஒரு வரி இல்லை. ஆனால் தனியாக இறங்காதீர்கள். அந்தப் பேரினத்தில் உழைப்பவர் உலகத்தில் மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள். சமீபத்திய கட்டுரைகளில் அவர்கள் மின்னஞ்சல் முகவரி இருக்கும். நல்ல படங்கள், அளவுகள், உயரம், தேதி எல்லாம் சேர்த்து ஒரு கடிதம் போடுங்கள். அவர்கள் முதலில் கேட்கப்போவது பூவின் உட்புறப் படமும் இலையின் அடிப்பக்கமும்தான். அவை இல்லையென்றால், அடுத்த பூக்காலம் எப்போது என்று குறித்து வைத்துக்கொண்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு மறுபடி ஏறுங்கள்.